போர்ஷே 944 டர்போ: எண்ணெய் எங்கிருந்து கசிகிறது?

ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரில் உள்ள ஆடி ஆலையில் 1985 முதல் உருவான கார் போர்ஷே 944 டர்போ. நிறுவனத்துக்குள் அதன் எண் 951. இரண்டரை லிட்டர் எஞ்சின், நான்கே சிலிண்டர், 220 குதிரைத்திறன், மணிக்கு 245 கிலோமீட்டர் வேகம். எடை முன்னும் பின்னும் சமமாகப் பரவ வேண்டும் என்று எஞ்சினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின்னாலும் வைத்து, நடுவே நீளமான குழாய் ஒன்றால் இணைத்தார்கள். அந்தச் சமநிலைக்காகவே இன்றும் பலர் இதைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய சில நாட்களில், நிறுத்திய இடத்தில் கருப்பாகச் சில சொட்டுகளையும் பார்க்கிறார்கள்.

பழைய கார் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று அவ்வப்போது எண்ணெய் ஊற்றி ஓட்டுவது சில கார்களில் நடக்கும். இந்த எஞ்சினில் அது ஆபத்து. கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். எண்ணெயில் ஊறிய பெல்ட் உப்பி, பல் பெயர்ந்து, அறுந்துவிடும். அறுந்த கணத்தில் திறந்து நிற்கும் வால்வுகள்மேல் பிஸ்டன் மோதும், வால்வுகள் வளையும். இன்னொரு ஆபத்து நெருப்பு. எஞ்சின் எண்ணெயின் ஆவி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்குமேல் தீப்பற்றத் தயாராகிவிடும். கடுமையாக ஓட்டிய டர்போவின் உறையோ செந்நிறமாகக் கனலும் அளவுக்குச் சூடேறும்.

சொட்டுவது எது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பவர் ஸ்டீயரிங் திரவம் சிவப்பு. அதுவும் எஞ்சினின் அடிப்பகுதியில்தான் வந்து தேங்கும். கிளட்சுக்கான பிரேக் திரவம் எண்ணெயைவிட நீர்த்திருக்கும், பெயின்டை அரிக்கும். வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எஞ்சின் எண்ணெய்தான் என்று தெரிந்தபின் உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டும் இடமும் ஓடு உடைந்த இடமும் ஒன்றாக இருப்பதில்லை, இங்கும் அப்படித்தான். எண்ணெய் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே ஈரமாக இருக்கும் பகுதியில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கிற இடத்தைத்தான் தேட வேண்டும். பல ஆண்டு அழுக்கு அப்பியிருந்தால் அது கண்ணில் படாது. டீகிரீஸர் போட்டு எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தை எண்ணெயில் கலந்து, அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால், கசிந்த பாதை மஞ்சள் பச்சையாகத் தெரியும். மெல்லிய கசிவானால் சந்தேகப்படும் இடத்தில் டால்கம் பவுடர் தூவினாலும் போதும். எண்ணெய் பட்ட கோடு கருத்துவிடும்.

இந்த எஞ்சினின் முன்முகம் கசிவுக்குப் பேர்போன இடம். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின் அதிராமல் ஓட, மிட்சுபிஷியின் காப்புரிமையைப் பயன்படுத்த உரிமம் பெற்று இரண்டு பேலன்ஸ் ஷாஃப்டுகளைப் பொருத்தினார்கள். அவை கிராங்க் ஷாஃப்டைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழல்பவை. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் இவை 12,000. அவ்வளவு வேகத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் சீலின் உதடு தேய்ந்து கெட்டியாகிவிடும். அதே முகத்தில் கிராங்க் சீல், கேம் சீல், ஆயில் பம்பின் ஓ-ரிங் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. பெல்ட் மூடியின் கீழ் விளிம்பு ஈரமாக இருந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

பின்பக்கம் இந்தக் காரின் அமைப்பே நமக்கு உதவும். பல கார்களில் கிளட்ச் கூட்டுக்குள் எண்ணெய் தெரிந்தால் அது எஞ்சினுடையதா, கியர்பாக்ஸுடையதா என்று குழம்ப வேண்டியிருக்கும். 944-இல் கியர்பாக்ஸ் வண்டியின் பின்கோடியில் இருக்கிறது. ஆகவே முன்னால் கிளட்ச் கூட்டில் தெரியும் எண்ணெய், கிராங்கின் பின் சீலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது மேலே கேம் ஷாஃப்ட் கூட்டின் பின்புறத்திலிருந்து வழிந்திருக்க வேண்டும். மேலே ஏறிப் பார்க்காமல் பின் சீலை மாற்றக் கிளம்பினால், எக்ஸாஸ்ட் முதல் கிளட்ச் வரை அத்தனையையும் வீணாக இறக்க நேரும்.

டர்போ இருக்கும் இடத்தில்தான் அதிகப் பணம் விரயமாகிறது. பெரும்பாலான கார்களில் டர்போ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கும். போர்ஷே அதை எஞ்சினின் மறுபக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் வைத்தது. அதே பக்கத்தில், டர்போவுக்கு மேலே, எண்ணெய் ஊற்றும் வாயோடு சேர்ந்த காற்று-எண்ணெய் பிரிப்பான் நிற்கிறது. அதன் அடியில் உள்ள ஓ-ரிங் காலப்போக்கில் இறுகி உடையும். எண்ணெய் டர்போ பக்கமாக இறங்கும். கீழிருந்து பார்க்கும் மெக்கானிக்குக் கண்ணில் படுவது நனைந்த டர்போ மட்டும்தான். சில ரூபாய் ரப்பர் வளையத்துக்காக விலையுயர்ந்த டர்போவைக் கழற்றச் சொல்வது இப்படித்தான் நேர்கிறது.

டர்போவே எண்ணெயைக் கக்கினாலும் பழி முழுவதும் அதன்மேல் இல்லை. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி சுழலும். எண்ணெய் மெல்லிய குழாயில் அழுத்தத்தோடு உள்ளே வருகிறது. பருத்த குழாய் வழியே தன் எடையால் மட்டுமே திரும்பி இறங்குகிறது. தண்டின் இருபுறமும் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். திரும்பும் குழாய் அடைத்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க் கேஸில் அழுத்தம் கூடினாலோ எண்ணெய் இறங்க வழியின்றித் தேங்கி, அந்த வளையங்களைத் தாண்டிவிடும். சைலென்சரில் நீலப் புகை வரும். காரணத்தைத் தீர்க்காமல் மாட்டிய புது டர்போவும் அதே புகையைத்தான் விடும்.

எனவே சீல்களைக் குறை சொல்லுமுன் கிராங்க் கேஸ் அழுத்தத்தை அளப்பது முக்கியம். அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு இழக்கிறது என்று அளக்கும் லீக்-டவுன் சோதனை ரிங்கின் நிலையைச் சொல்லிவிடும். புதிதாகப் போட்ட சீல் சில மாதங்களில் மறுபடி கசிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

பழுது பார்க்கும்போது, வெப்பம் தாங்கும் வைட்டான் ரப்பர் சீல் கிடைத்தால் அதையே போடலாம். பழைய சீலின் உதடு தண்டில் பள்ளம் போட்டிருந்தால் நகத்தால் வருடினாலே தட்டுப்படும். புது சீலை அந்தப் பள்ளத்தில் உட்காராதபடி சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும். எண்ணெய்க் குழாய் போல்ட்டுகளின் நசுங்கிய வாஷர்களைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கசிவு நிற்கட்டும் என்று சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து ஆயில் பம்பின் உறிஞ்சு சல்லடையை அடைக்கும். டர்போவின் திரும்பு குழாயில் பூசினால் வாயையே குறுக்கிவிடும்.

இந்தக் காரை வாங்கப் போகிறவர்களும் வைத்திருப்பவர்களும் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போதே முன் சீல்கள் அனைத்தையும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். எண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்ட எந்த மெக்கானிக்கையும் அனுமதிக்காதீர்கள்.