விண்வெளி வானிலை முன்கணிப்பு

விண்வெளி வானிலை என்பது சூரியனில் நிகழும் மாற்றங்களால் புவியைச் சுற்றியுள்ள விண்வெளியிலும் புவியின் காந்தப்புலத்திலும் ஏற்படும் நிலைமாற்றங்களைக் குறிக்கும். மழை, வெயிலைப் போலவே இதுவும் நாள்தோறும் அளக்கப்பட்டு முன்கணிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் திருநெல்வேலியிலும் இதற்கான நிலையங்கள் உள்ளன.

தமிழ்நாட்டு நிலையங்கள்

1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் போக்கை அறிந்தால் பருவமழையையும் அறியலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அதன் விளைவாக, 1899இல் பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. மழையைக் கணிக்கும் நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக அங்கு எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று அரிய ஆவணமாகியுள்ளன. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்குதான் கண்டறிந்தார். இப்போது இது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

திருநெல்வேலி அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. காந்த நடுக்கோடு தென்தமிழகத்துக்கு அருகில் செல்வதால், பகலில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வலிமையான மின்னோட்டத்தை இங்கிருந்து ஆராய முடிகிறது.

கணிக்கும் முறை

சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை, அவற்றின் காந்த அமைப்பு, எக்ஸ் கதிர் அளவு, சூரியக் காற்றின் வேகம் ஆகியவை அன்றாடம் பதிவாகின்றன. புவிக்காந்தக் கலக்கத்தை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரையிலான கேபி குறியீடு காட்டுகிறது.

சூரியத் தீப்பிழம்பின் ஒளி சுமார் 8 நிமிடங்களில் புவியை அடைந்துவிடும். சூரியன் வீசியெறியும் மின்மத் திரள் வந்து சேரப் பொதுவாக 1 முதல் 3 நாட்கள் ஆகும். அது புறப்பட்டதைத் தொலைநோக்கியில் காணலாம். புயல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அப்போதே சொல்லிவிட முடியாது. திரளின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் அது புவியின் புலத்துடன் இணைந்து பெரும் புயலை எழுப்பும். அந்தத் திசை, புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள முதலாம் லக்ராஞ்சுப் புள்ளியைத் திரள் கடக்கும்போதே உறுதியாகத் தெரியும். அதன்பின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா-எல்1, 2024 சனவரி 6 முதல் இப்புள்ளியைச் சுற்றிவருகிறது.

பாதிப்புகள்

1859ஆம் ஆண்டுப் பெரும்புயலை மும்பையின் கொலாபா ஆய்வகக் காந்தமானி பதிவு செய்தது. அப்போது பல நாடுகளில் தந்திச் சேவை தடைப்பட்டது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் மின்சாரம் இழந்தனர். 2024 மே 10-11இல் வீசிய புயல் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் மிகக் கடுமையானது. லடாக்கின் ஹான்லேயில் செந்நிற துருவ ஒளி பதிவானது.

முன்னறிவிப்பு கிடைத்தால் மின்கட்டமைப்பின் சுமையைக் குறைக்கவும், செயற்கைக்கோள்களைப் பாதுகாப்பு நிலைக்கு மாற்றவும், துருவப் பகுதி வழியே செல்லும் விமானங்களை வேறு பாதையில் திருப்பவும் இயலும். எனவே கிடைக்கும் அந்தச் சிறிய நேரத்தை நீட்டிப்பதே இத்துறையின் முதன்மையான சவாலாக உள்ளது.