கொல்லைப்புறம் – 17: பூவை உலுக்கும் தேனீ

ஆடிப்பட்டத்துக்கு விதை எடுப்பது பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன்.  அதற்கு முன், இந்த வாரம் கத்தரிப் பாத்தியில் பார்த்த ஒரு தேனீயைப் பற்றி.

அக்னி நட்சத்திரம் கழிந்தும் வெயில் தணியவில்லை. காலையில் கொல்லையைச் சுற்றி வந்தால் மல்லிகையில் இன்னும் மொட்டு இருக்கிறது. கனகாம்பரம் சளைக்கவில்லை. வெண்டை கணுவுக்குக் கணு பூத்திருக்கிறது. தக்காளிதான் தவிக்கிறது. ராத்திரியும் புழுக்கம் குறையாத நாட்களில் அதன் மகரந்தம் கெட்டுப்போகும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பூ நிற்காது. கத்தரி தாக்குப்பிடிக்கிறது. இந்த வாரம் நான் அதிகம் நின்றது அந்தப் பாத்தியருகில்தான்.

ஒரு கத்தரிப்பூவைக் கிட்டத்தில் பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். செம்பருத்தியைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டும். இதில் லேசில் ஒட்டாது. தூள் முழுக்கப் பைக்குள் இருக்கிறது. வெளியே வர ஒவ்வொரு பையின் நுனியிலும் இரண்டு பொடி ஓட்டைகள்தான் வழி. மிளகுத்தூள் டப்பாவைப் போலக் கவிழ்த்து உலுக்கினால்தான் கொட்டும். பூவில் தேனும் கிடையாது.

உலுக்க வருகிறது நீலப்பட்டைத் தேனீ. கறுத்த வயிற்றில் பளபளக்கும் நீல வரிகள். பூவில் தொங்கி, கூம்பை வாயால் கவ்வி, உடம்பை வளைத்துக்கொள்கிறது. சிறகை மடித்தபடியே, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிர விடுகிறது. அதுவரை தணிந்திருந்த ரீங்காரம் சட்டென்று கீச்சென ஏறும். அடுத்த கணம் அதன் வயிற்றடியில் வெளிர்மஞ்சள் தூள்! அது போனபின் பார்த்தால் கூம்பில் பழுப்பாய்க் கடித்த தடம் இருக்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கருவண்டு என்று நாம் விரட்டுகிற தச்சுத் தேனீக்கு வரும்.

இந்த அதிர்வின் இயற்பியலை 1978இல் ஸ்டீபன் புக்மன், ஜேம்ஸ் ஹர்லி என்ற இரு அமெரிக்கர்கள் கணக்குப் போட்டு விளக்கினார்கள். ஐரோப்பியக் கண்ணாடிக் கூடாரங்களில் 1980களின் பிற்பகுதி வரை தக்காளிக் கொத்துகளை ஆட்கள் அதிர்வுக்கருவியால் தொட்டுத் தொட்டு உலுக்கினார்கள். அதன்பிறகே அந்த வேலையைப் பம்பிள் தேனீக்களிடம் விட்டார்கள். நம் சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, ஆவாரை எல்லாம் இப்படி உலுக்கினால் தூள் தருகிறவைதான். வேலியோரத்து ஆவாரையை வெட்டாமல் விட இதைவிட என்ன காரணம் வேண்டும்?

சாயங்காலம் இன்னொரு அழகு. நீலப்பட்டையில் ஆண்களுக்குக் கூடு கிடையாது. காய்ந்த குச்சியொன்றை வாயால் கவ்விப் பிடித்து, வரிசையாகத் தொங்கியபடி தூங்குகின்றன. துளசியின் காய்ந்த தண்டுகளை ஒடிக்காமல் வைத்திருப்பவர்கள் இருட்டும் நேரத்தில் தேடிப் பாருங்கள்.

மாடித்தோட்டம் போட்டிருக்கும் என் சித்தி, பூவெல்லாம் உதிர்கிறதே என்று போனில் வருத்தப்பட்டார். கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது. சூல்தண்டு கூம்பைத் தாண்டி நீட்டியிருக்கும் பூ காய்க்கும். தண்டு குட்டையாக உள்ளே அடங்கிய பூ உதிர்ந்தே தீரும். எரு போட்டு அதை மாற்ற முடியாது. நீண்ட தண்டுப் பூவின் காம்பை மட்டும் காலையில் பேட்டரி டூத்பிரஷ்ஷால் தொட்டுவிடச் சொன்னேன். இப்போது பிஞ்சு பிடித்திருக்கிறது.

தரையில் தோட்டம் உள்ளவர்கள் தேனீக்கு இடம் விட்டால் போதும். நீலப்பட்டை மண்சுவரிலும் இளகிய மண்ணிலும் துளையிட்டு முட்டை வைக்கும். தச்சுத் தேனீக்குப் பட்டுப்போன மரக்கிளையோ பழைய மூங்கிலோ வேண்டும். கொல்லை முழுக்க சிமென்ட் பூசி, காய்ந்த கட்டையெல்லாம் எரித்துவிட்டால் இரண்டும் போய்விடும், காய்ப்பும் குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் சாயங்காலமே தெளியுங்கள். காலை நேரம் அவற்றுக்கு.

விதை அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத கத்தரிச் செடியில் ஒரு காய்க்கு நூல் கட்டி, பறிக்காமல் விடுங்கள். அது முற்றி மஞ்சளாகப் பழுத்தால்தான் ஆடிக்கு விதை.