மழலையர் பேச்சில் மூக்கொலி: வல்லினமும் மெல்லினமும் காட்டும் வழி

பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளியின் முதலாண்டு வகுப்பிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு, மூக்கால் பேசும் குழந்தைகள் புதியவர்கள் அல்லர். அவர்களுள் சிலர் பிற குழந்தைகளைவிடத் தாமதமாகப் பேசத் தொடங்கியவர்களாகவும் இருப்பர். "வாயைத் திறந்து பேசு", "தெளிவாகச் சொல்" என்று நாம் திருத்துகிறோம். குழந்தை முயல்கிறது, ஒலி மாறுவதில்லை. பலமுறை திருத்தப்பட்ட குழந்தை, நாளடைவில் பேசுவதையே குறைத்துக்கொள்கிறது.

மூக்கொலிப் பேச்சுக்குப் பெரும்பாலும் கவனக்குறைவு காரணமன்று; உடலமைப்பிலோ தசைகளின் இயக்கத்திலோ செவிப்புலனிலோ அதற்குக் காரணம் இருக்கும். அதனை முதலில் ஐயுறும் வாய்ப்பு, குழந்தையின் பேச்சை நாள்தோறும் கேட்கும் ஆசிரியருக்கு உண்டு. அதற்கு வேண்டிய அடிப்படை அறிவு தமிழ் நெடுங்கணக்கிலேயே அமைந்திருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கிற்குச் செல்லும் வாயில்

மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய இடங்களில் பிறப்பினும், மூக்கின் வழியே வரும் காற்றால் இசைக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் செய்தி. நன்னூலும் மெல்லினத்திற்கு மூக்கையே இடமாகச் சொல்கிறது. இன்றைய ஒலியியலும் இதனை ஏற்கிறது.

நம் மேலண்ணத்தின் முற்பகுதி எலும்பாலானது, பிற்பகுதி தசையாலானது. பின்னுள்ள மெல்லண்ணம் உயர்ந்து தொண்டையின் பின்சுவரைத் தொடும்போது, மூக்கிற்குச் செல்லும் வழி அடைபடுகிறது. காற்று வாயில் தேங்கி அழுத்தம் பெற்று வெடிக்க, வல்லினம் பிறக்கிறது. மெல்லண்ணம் தாழ்ந்தால் வழி திறக்கிறது, மெல்லினம் பிறக்கிறது.

'அப்பா', 'அம்மா' என்னும் இரு சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். இரண்டிலும் இதழ்கள் ஒரே வகையில் பொருந்துகின்றன. மூக்கின் வாயில் 'அப்பா'வில் மூடியிருக்கிறது, 'அம்மா'வில் திறந்திருக்கிறது. க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன என நம் முன்னோர் வல்லினத்தையும் மெல்லினத்தையும் இணையிணையாக வைத்த வரிசை, இவ்வாயிலின் இயக்கத்தை அறியும் அட்டவணையாகவும் நமக்குப் பயன்படுகிறது.

எதிரெதிரான இரு குறைகள்

மூக்கொலி என்று நாம் பொதுவாகக் கூறுவதில் இரு வகைகள் அடங்கும்.

முதல் வகை, வாயில் மூடாமை. இங்கே காற்று மூக்கின் வழியே கசிவதால் வல்லினம் மெல்லினத்தை நோக்கிச் சரிகிறது. 'அப்பா' என்பது 'அம்மா'வை நெருங்குகிறது. உயிரெழுத்துகளிலும் மூக்கொலி கலக்கிறது. பிளவுபட்ட அண்ணம், குட்டையான மெல்லண்ணம், பெருமூளை வாதம் போன்றவற்றால் வரும் தசைத் தளர்ச்சி ஆகியன இதற்குக் காரணமாகலாம். சில குழந்தைகளுக்கு அண்ணத்தின் மேல்தோல் முழுமையாக இருக்க, உள்ளே தசை மட்டும் பிளவுபட்டிருக்கும். இம்மறைபிளவு எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருத்தலும், கைக்குழந்தைப் பருவத்தில் பால் மூக்கின் வழியே வந்திருத்தலும் இதற்குரிய அறிகுறிகள்.

இரண்டாம் வகை, வாயில் திறந்தும் வழி அடைபட்டிருத்தல். சளி பிடித்தவர் பேசுவதுபோல மெல்லினம் வல்லினமாகத் திரிகிறது. 'மாமா' என்பது 'பாபா' போல ஒலிக்கிறது. மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டுத் திசு பெருத்திருப்பது சிறு குழந்தைகளிடம் இதற்குரிய பொதுவான காரணம். வாயால் மூச்சுவிடுதலும் உறக்கத்தில் குறட்டை விடுதலும் உடன் காணப்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. சிறு குழந்தைகள் பலருக்கு மெல்லண்ணம் அடினாய்டின்மீது படிந்தே வாயிலை மூடுகிறது. மறைபிளவுள்ள குழந்தைக்கு அதனை ஆராயாமல் அடினாய்டை அகற்றினால், அறுவைக்குப் பின் மூக்கொலி மிகுந்துவிடக்கூடும். இக்காரணத்தால் அறுவைக்கு முன் அண்ணத்தைச் சோதிப்பர். குழந்தையின் பேச்சைப் பற்றி ஆசிரியர் தரும் குறிப்பு அங்கே பெரிதும் உதவும்.

பேச்சுத் தாமதத்தோடு உள்ள தொடர்பு

வாயில் மூடாத குழந்தைக்கு வாயில் காற்றழுத்தம் சேராது. ஆகவே வல்லின ஒலிகள் கைகூடுவதில்லை. சில குழந்தைகள் அவ்வொலிகளை விட்டுவிடுவர். வேறு சிலர் அவற்றுக்கு ஈடாகத் தொண்டையில் காற்றைத் தடுத்துப் பேசப் பழகுவர். கையாளத்தக்க ஒலிகள் குறைவாக இருப்பதால் சொற்களும் குறைகின்றன. சொன்னது பிறர்க்கு விளங்காதபோது பேசும் ஆர்வமும் குறைகிறது.

செவிப்புலனும் இதில் பங்கு கொள்கிறது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கும் அடினாய்டு பெருத்தவர்களுக்கும் நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது மிகுதி. தெளிவாகக் கேளாத குழந்தை தெளிவாகப் பேசக் கற்பது கடினம். மேலும், 22ஆம் நிறப்புரியில் சிறு பகுதி விடுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் சிலரிடம் இதயக் குறைபாடு, அண்ணக் குறைபாடு, பேச்சுத் தாமதம் ஆகியன சேர்ந்தே காணப்படுவதுண்டு. ஆதலால், தாமதமும் மூக்கொலியும் ஒருங்கே இருப்பின், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திருத்தல் தகாது.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை

மெல்லினமே வராத தொடர் ஒன்றைக் குழந்தையைச் சொல்லச் செய்க: "தாத்தா கதை கேட்டார்", "அப்பா பூ பறித்தார்". பின்னர், விளையாட்டுப்போல மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு மீண்டும் சொல்லச் செய்க. இயல்பான பேச்சில் ஒலி மாறாது. மாறினால், மூடியிருக்க வேண்டிய வாயிலில் கசிவு உண்டென ஐயுறலாம்.

அடுத்து, மெல்லினம் மிகுந்த தொடர்: "என் அம்மா, என் மாமா, என் அண்ணன்". மூக்கைப் பிடித்தால் இயல்பான பேச்சில் ஒலி தெளிவாக மாறும். மாற்றமே இல்லையெனில் மூக்கு அடைபட்டிருக்கலாம். இச்சோதனை ஐயத்தை எழுப்புவதற்கு மட்டுமே. நோயை முடிவு செய்வது மருத்துவரின் பணி. சளி பிடித்திருக்கும் நாளில் இதனைச் செய்தல் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பேச்சுத் தமிழில் 'மரம்', 'வந்தேன்' போன்ற சொற்களின் இறுதி மெய் மறைந்து, அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவது இயல்பு. அதனைக் குறையாகக் கருதலாகாது. வல்லினத்தில் மூக்கொலி கேட்கிறதா என்பதையே கவனித்தல் வேண்டும்.

தமிழைக் கைவிட வேண்டுமா?

தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி ஒலிக்கும் நம் சூழலில், பேச்சுத் தாமதமுள்ள குழந்தையின் பெற்றோர் சிலர், வீட்டில் தமிழை விட்டு ஒரே மொழிக்கு மாறிவிடுகின்றனர். பன்மொழிச் சூழல் அண்ணத்தைப் பிளப்பதில்லை. செவியில் நீரைத் தேக்குவதுமில்லை. வாயிலில் உள்ள குறை 'பாப்பா'விலும் 'பாப்பான்' என்னும் மலாய்ச் சொல்லிலும் ஒருசேர வெளிப்படும். தமிழை நிறுத்துவதால் இக்குறை நீங்காது; தாத்தா பாட்டியோடு பேசும் வாய்ப்பே குறையும். இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியரின் கடமை.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

எந்தெந்த ஒலிகள் எவ்வாறு திரிகின்றன என்பதை இனவெழுத்து வரிசைப்படி குறித்துப் பெற்றோரிடம் தருக. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமும் மலேசியாவில் அரசாங்கச் சுகாதார மருந்தகமும் முதலில் அணுகத்தக்கவை. அங்கிருந்து செவிச் சோதனை, காது மூக்குத் தொண்டை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் என்று வழி தொடரும். உடலமைப்புக் குறைக்கு அறுவை தேவைப்படலாம். தவறாகப் பழகிய ஒலிக்குப் பயிற்சி போதும். பலூன் ஊதுதலும் ஊதல் ஊதுதலும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. பேச்சொலிகளைக் கொண்டே பேச்சைத் திருத்துதல் வேண்டும்.

வகுப்பிலோ, ஒலியைத் திருத்துமுன் கருத்தைக் கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் மீண்டும் மீண்டும் சொல்லவைத்தலும், அக்குழந்தைபோல் பேசிக் காட்டுதலும் அறவே கூடா. வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் இடும்போதும் உச்சரிப்புக் குறையின் காரணத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாயில் சீராகும் வரையில் குழந்தை பேசுவதை நிறுத்தாதிருக்கச் செய்வதே ஆசிரியர் ஆற்றும் பேருதவியாகும்.