இராணி மேரி கல்லூரி, சென்னை

இராணி மேரி கல்லூரி சென்னை மெரினா கடற்கரையை ஒட்டிக் காமராசர் சாலையில் அமைந்துள்ள அரசு மகளிர் கல்லூரி. சென்னை நகரில் பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட முதல் கல்லூரி இதுவே. 1914-இல் 'மெட்ராஸ் மகளிர் கல்லூரி' என்ற பெயரில் தொடங்கி, 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரியின் பெயரைப் பெற்றது.

அதற்கு முன்பு சென்னையில் பட்டம் பெற விரும்பிய பெண் ஆண்கள் கல்லூரியில்தான் சேர வேண்டும். இளம் வயதிலேயே கணவரை இழந்த சகோதரி ஆர். எஸ். சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் படித்து 1911-இல் பட்டம் பெற்றார். முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில்தான் படித்தார். அவர்களுக்கு இருந்த துணிவும் வீட்டார் ஆதரவும் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்குமா? திறமை இருந்தும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களே மிகுதி.

கல்லூரி தொடங்கிய இடம் கேப்பர் இல்லம். கர்னல் பிரான்சிஸ் கேப்பர் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி கட்டிய அந்தக் கடற்கரை மாளிகை, இடையில் ஹோட்டலாகவும் இருந்தது. முதல் முதல்வர் டாரதி டி லா ஹே 1936 வரை பொறுப்பில் இருந்தார். பின்னர் ஆளுநர் பென்ட்லண்ட் பெயரால் ஓர் இல்லமும், வேறு சில கட்டடங்களும் வளாகத்தில் சேர்ந்தன.

வகுப்பறைகளைப் போலவே விடுதியும் முக்கியமானது என்பது என் கருத்து. நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்திலும், பிளஸ் டூ முடித்த பெண்ணின் பெற்றோர் பாடப்பிரிவைப் பற்றி முதலில் கேட்டதில்லை. "பொம்பளப் பிள்ளைங்க மட்டும் படிக்கிற காலேஜா? ஹாஸ்டல் இருக்கா? ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால்தான் அந்தப் பெண் மேலே படிப்பாள்.

தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் இங்கு படித்துவிட்டு மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞரானார். இசையறிஞர் பி. சாம்பமூர்த்தி இங்கு பல ஆண்டுகள் இசை கற்பித்தார். வீட்டில் பாட்டு வாத்தியாரிடம் கற்றுக்கொள்ளும் கலையாகவே இருந்த இசை, இங்கு கல்லூரிப் பாடமாக வளர்ந்தது.

2003-இல் கல்லூரியின் இருப்புக்கே சோதனை வந்தது. இந்த வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டத் தமிழக அரசு திட்டமிட்டது. மாணவியர் வளாகத்திலேயே இருந்து போராடினர். ஆசிரியர்களும் முன்னாள் மாணவியரும் துணை நின்றனர். எதிர்க்கட்சிகள் களத்தில் இறங்கின. ஆதரவு தெரிவிக்க உள்ளே சென்ற மு. க. ஸ்டாலின் அத்துமீறி நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் கேள்விக்கு வந்தன. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. வேறிடம் தந்தால் போதாதா என்று அன்று சிலர் கேட்டனர். பேருந்து வசதியுள்ள நகர மையத்தில் குறைந்த கட்டணத்தில் படிக்கும் பெண்ணுக்கு, இடமும் படிப்பின் ஒரு பகுதிதான்.

பின்னர் ஓமந்தூரார் வளாகத்தில் 2010-இல் திறக்கப்பட்ட புதிய தலைமைச் செயலகம், அடுத்த ஆட்சியில் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. கேப்பர் இல்லம் இன்று இல்லை. அது இருந்த வளாகத்தில் கல்லூரி நடந்துகொண்டிருக்கிறது.