காசநோய்: தோல் ஊசியும் வீட்டுக் கஷாயமும்

சில மாதங்களுக்கு முன்னர் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்புக்கு நாம் சென்றிருந்தோம். தகரக் கொட்டிலின் வாசலில் இருந்த அம்மம்மா ஒருவர் நான்கு வயதுப் பேரனின் முன்னங்கையை எமக்குக் காட்டினார். அதில் ஓரிடம் சிவந்து தடித்திருந்தது.

"சுவாமி, பிள்ளைக்கும் அந்த வருத்தம் வந்திட்டுதோ? ஊசி போட்ட இடம் இப்பிடித் தடிச்சுப் போச்சு. இனிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல் ஆடாதோடைக் கஷாயம் குடுப்பம் எண்டு நினைக்கிறன்" என்றார்.

பிள்ளையின் தந்தை காசநோய்க்கு மருந்து எடுத்து வந்தவர். இரண்டு மாதத்தில் இருமல் தணிந்தது, உடம்பும் தேறியது. அறுவடைக் காலத்தில் கூலிவேலை தேடி வேறு மாவட்டத்துக்குச் சென்றபோது குளிசையும் நின்றுபோனது. நாம் சென்ற அன்று அவர் கொட்டிலின் உள்ளே படுத்தபடி இருமிக்கொண்டிருந்தார்.

அம்மம்மாவின் பேச்சில் எம்மக்கள் பலரிடமும் உள்ள மூன்று கேள்விகள் அடங்கியிருந்தன. ஊசி போட்ட இடம் தடித்தால் அது நோயா? நாட்டு மருந்து மட்டும் போதுமா? சுகம் வந்த பின்னரும் குளிசை எதற்கு? இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

விதை விழுவதும் களை முளைப்பதும்

கசம் என்றும் சயரோகம் என்றும் எமது முன்னோர் அழைத்த இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. ஜெர்மனிய வைத்தியர் றொபேட் கொக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி இதனை உலகுக்கு அறிவித்தார். அந்நாளே இன்று உலக காசநோய் தினமாக நினைவுகூரப்படுகின்றது. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கின்றது. காற்றோட்டமில்லாத அறையில் அவருடன் நெடுநேரம் இருப்பவர் அதனைச் சுவாசிக்கின்றார். கோப்பை, உடுப்பு, கைகுலுக்கல் என்பவற்றால் இந்நோய் தொற்றுவதில்லை.

வயலில் களை விதை விழுந்தவுடன் எல்லாம் முளைத்துவிடுவதில்லை. பல விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. காசநோய்க் கிருமியும் அப்படியே. கிருமி உட்புகுந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையே தம் வாழ்நாளில் நோயாளராகின்றனர். ஏனையோரின் உடல் அதனை அடக்கி வைத்திருக்கின்றது. அவர்களுக்கு இருமலும் இல்லை. அவர்களிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிலும், மெலிந்தவர்களிலும், நீரிழிவு அல்லது எச்.ஐ.வி. உள்ளவர்களிலும் உறங்கும் விதை முளைக்கும் ஆபத்து அதிகம். சிறு பிள்ளைகளில் இது மூளையைச் சூழ்ந்த சவ்வையும் தாக்கி உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

தோல் பரிசோதனை

விதை விழுந்ததா என்று அறிய உதவுவதே தோல் பரிசோதனை. கொக் 1890இல் கிருமியிலிருந்து ரியூபர்குலின் என்னும் சாற்றை எடுத்தார். நோயைக் குணமாக்கும் மருந்து என்று எண்ணியே அவர் அதனை வெளியிட்டார். அது குணமாக்கவில்லை. ஆயினும் நோய்த் தொற்றைக் கண்டறிய அது பயன்படும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். பிரெஞ்சு வைத்தியர் சாள்ஸ் மான்ரூ 1908இல் விவரித்த முறையே இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

முன்னங்கையின் உட்புறத்தில், தோலின் மேற்படைக்குள், 0.1 மில்லிலீற்றர் மருந்து மெல்லிய ஊசியால் ஏற்றப்படும். அப்போது தோன்றும் சிறு கொப்புளம் விரைவில் அடங்கிவிடும். 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். அங்கே அளப்பது சிவப்பையல்ல. விரலால் தடவும்போது தெரியும் தடிப்பின் அகலத்தையே அளக்கின்றனர். அளக்கப் போகாவிட்டால் ஊசி போட்டும் பயனில்லை. ஆகவே ஊசி போட்ட அன்றே திரும்பி வரவேண்டிய நாளைக் கேட்டு வையுங்கள். அவ்விடத்தைச் சொறியவோ, எண்ணெய் பூசவோ, பத்துப் போடவோ வேண்டாம்.

பொதுவாக 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிப்பு, கிருமி உடலுக்குள் புகுந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம். மிகவும் மெலிந்த பிள்ளைகளிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களிலும் 5 மில்லிமீற்றரும் கவனத்துக்குரியது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியாலும் சிறிது தடிப்பு வரலாம். வைத்தியர் இவை யாவற்றையும் சேர்த்தே முடிவு சொல்வார்.

இங்கே இரு உண்மைகளை மனதிற் கொள்ளுதல் அவசியம். முதலாவது: தடிப்பு நோயல்ல. விதை விழுந்திருக்கின்றது என்பதே அதன் பொருள். இரண்டாவது: தடிப்பு வராததால் நோயில்லை என்றும் முடிவு செய்ய முடியாது. போசாக்கின்றி வாடிய பிள்ளையிலும், அண்மையில் சின்னமுத்து வந்த பிள்ளையிலும், நோய் முற்றியவரிலும் உடல் சோர்ந்திருப்பதால் கிருமி இருந்தும் கை தடிக்காமல் விடலாம். முகாம் வாழ்க்கையில் மெலிந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை இதனை மறக்கலாகாது.

நோயைக் காட்டுவது சளி

வளர்ந்தவர்களின் நுரையீரலில் நோய் உள்ளதா என்பதைச் சளிப் பரிசோதனையே சொல்கின்றது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் என்பன அறிகுறிகள். இவை எல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வார இருமலே போதும். காலையில் எழுந்ததும் ஆழ்ந்து இருமி எடுக்கும் சளியே பரிசோதனைக்கு மிகச் சிறந்தது, எச்சில் உதவாது. எக்ஸ்றே படமும் துணைபுரியும். இலங்கையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2019இல் மட்டும் எமது நாட்டில் 8,000 பேருக்கு மேல் இந்நோயாளராகப் பதிவாகினர். எனவே இது வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய அபூர்வ நோயல்ல.

பழைய வைத்தியர் கண்டது

ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை இந்நோயை இராஜயக்ஷ்மா, அதாவது நோய்களின் அரசன் என்று அழைக்கின்றது. அது கூறும் காரணங்கள் நான்கு: சக்திக்கு மிஞ்சிய உழைப்பு, மலசலம் முதலிய இயற்கை வேகங்களை அடக்குதல், உடல் தாதுக்களின் தேய்வு, நேரமும் அளவும் தவறிய உணவு. இடம்பெயர்ந்து வாழும் எம்மக்களின் நாளாந்த வாழ்வை அருகிருந்து பார்த்து எழுதியது போன்றே இது தோன்றுகின்றது. அக்கால வைத்தியருக்குக் கிருமியைக் காணும் கருவி இருக்கவில்லை. ஆனால் விதை எந்த நிலத்தில் முளைக்கும் என்பதை அவர்கள் நன்கு கண்டிருந்தனர்.

அவர்கள் கையாண்ட மூலிகைகளும் வீணானவையல்ல. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்தே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் ஆங்கில மருந்து உருவாக்கப்பட்டது. தூதுவளை, கண்டங்கத்தரி, அதிமதுரம், திப்பிலி, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்த கஷாயம் என்பன தொண்டைக்கு இதம் தந்து சாதாரண இருமலைத் தணிக்க நெடுங்காலமாக உதவி வருகின்றன.

கஷாயம் செய்யாதது

ஆனால் இருமலைத் தணிப்பது வேறு, கிருமியை அழிப்பது வேறு. களையின் தலையை வெட்டினால் வயல் சில நாள் துப்புரவாகத் தெரியும். வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். கஷாயத்தால் இருமல் தணிந்த நோயாளி, தாம் சுகமாகிவிட்டதாக எண்ணிப் பரிசோதனைக்குப் போகாமல் விடுகின்றார். அவருடைய நுரையீரலோ உள்ளே அழிகின்றது; அருகில் உறங்கும் பிள்ளையும் கிருமியைச் சுவாசிக்கின்றது. கஷாயத்தால் வரும் பெருந்தீங்கு இந்தக் காலதாமதமே.

கிருமியை அழிக்க ஐசோனியசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்னும் நான்கு மருந்துகள் முதல் 2 மாதங்களும், முதலிரண்டும் அடுத்த 4 மாதங்களும் கொடுக்கப்படுகின்றன. முதற் சில வாரங்களில் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன, இருமலும் நிற்கின்றது. ஒளிந்திருக்கும் மிகுதிக் கிருமிகளைக் கொல்லவே ஏனைய மாதங்கள். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும்; மருந்துக்கு மசியாத கிருமிகளும் தோன்றலாம். அவற்றுக்கு வேறு மருந்துகளும் கடினமான சிகிச்சையும் வேண்டியிருக்கும். றிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும், அதற்கு அஞ்சவேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், கண்பார்வை மங்கினாலும் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

குளிசை எடுப்பவர் கஷாயமும் குடிக்கலாமா? அதனை மார்புநோய் வைத்தியரிடம் சொல்லிக் கேட்டே செய்யவேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபெரின் என்னும் பொருள், றிபாம்பிசின் இரத்தத்தில் சேரும் அளவையே கூட்டவல்லது. மூலிகை ஒன்றும் செய்யாது என்று எண்ணுதல் தவறு. காசநோய்க் குளிசைகளால் ஈரல் ஏற்கனவே சுமை தாங்குகின்றது; இந்நிலையில் பெயரறியாத பற்பம், செந்தூரம் என்பவற்றையும் மதுவையும் தவிருங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. பரியாரியாரிடம் செல்பவர்கள் காசநோய்க் குளிசை எடுப்பதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதிர்ப்புச் சக்தி எங்கே உள்ளது?

நல்ல வீடும் நிறைந்த உணவும் இல்லாத ஏழைக்கு இந்நோய் மாறுமா என்று பலர் எம்மிடம் கேட்கின்றனர். இதற்கு விடை தந்தது சென்னை. 1956இல் அங்கு தொடங்கப்பட்ட ஆய்வில் 193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சனற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர்; மற்றவர் நெருக்கமான ஏழை வீடுகளில், குறைந்த உணவுடன், தமது அலுவல்களையும் பார்த்தபடி மருந்தெடுத்தனர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரேயளவு குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்து மருந்தெடுத்ததால் குடும்பத்தினருக்குத் தொற்று அதிகரிக்கவும் இல்லை. மருந்தை ஒழுங்காக விழுங்கினால் கொட்டிலிலும் நோய் மாறும்.

அப்படியாயின் உணவு தேவையில்லையா? நோயாளிக்கு அது பலம். உடனிருப்போருக்கோ அது காவல். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் வீட்டிலுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பு வகையும் விற்றமின் குளிசைகளுடன் வழங்கப்பட்டன. வீட்டாருக்கு உலருணவு வழங்கப்படாத குடும்பங்களுடன் ஒப்பிட, அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 வீதத்தால் குறைந்தது. கடையில் விலைகூடிய லேகியம் வாங்கும் பணத்துக்குப் பயறு, கௌபி, பருப்பு, முட்டை, நெத்தலி வாங்கலாம். கொட்டிலைச் சுற்றி ஒரு முருங்கைத் தடியும் ஒரு பாத்திக் கீரையும் நடலாம். எதிர்ப்புச் சக்தி என்பது போத்தலில் வருவதன்று. அது நாளாந்தம் பானையிலிருந்து வருவது.

நினைவில் வைக்கவேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை.

2. தோல் ஊசி போட்டால் 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் அளவெடுக்கச் செல்லுங்கள்.

3. நோயாளி வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தவறாமல் காட்டுங்கள். நோய் இல்லாத பிள்ளைக்கும், வைத்தியர் தேவையெனக் கண்டால், 6 மாத ஐசோனியசிட் அல்லது 3 மாதக் கூட்டு மருந்து கொடுத்து நோய் வராமற் காப்பார்.

4. கொட்டிலின் எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு வையுங்கள். வெயிலும் காற்றும் கிருமிக்குப் பகை. அடுப்பை வெளியே வையுங்கள், புகைத்தலைக் கைவிடுங்கள்.

5. இடம் மாறுவதாயின் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி, சிகிச்சை அட்டையும் மாற்றுக் கடிதமும் பெறுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி வைத்திருக்கும் அதே பையில் அதனையும் வையுங்கள்.

6. அவசரத்தில் அட்டை தவறினாலும், மருந்து இடையில் நின்றிருந்தாலும், புதிய இடத்துச் சிகிச்சை நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். மீதிக் குளிசையை நீங்களாகவே மீண்டும் தொடங்கவேண்டாம்.

அன்று பேரனின் கையைக் காட்டிய அம்மம்மாவிடம் நாம் இவற்றையே சொன்னோம். மறுநாட் காலை தந்தையும் பிள்ளையும் கிளினிக்குக்குப் புறப்பட்டனர். தந்தையின் சளி மீண்டும் பரிசோதிக்கப்பட்டு மருந்து புதிதாகத் தொடங்கப்பட்டது. பிள்ளைக்கு நோய் இல்லை. காப்பு மருந்து கொடுக்கப்படுகின்றது. அம்மம்மா இப்போதும் மல்லிக் கஷாயம் வைக்கின்றார், வைத்தியரிடம் கேட்டுத்தான். மகன் குளிசையை விழுங்கிய பின்னரே கஷாயக் கோப்பையை அவர் கையில் கொடுக்கின்றார்.