பன்னிரண்டு வயது நாயை எங்கே விடுவது?

டெல்லி டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் மேல் ராத்திரி பகலாக வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாலத்துக்கு அடியில் ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது. ஃப்ரெண்டிகோஸ் என்று பெயர், 1979-ல் தொடங்கியது. தெருவில் அடிபட்ட நாய், காது அழுகிய பூனை, வெயிலில் சுருண்டு விழுந்த பருந்து என்று எது வந்தாலும் பார்க்கிறார்கள். பாலத்தடியில் இடம் போதாமல் குருகிராமிலும் ஒரு காப்பகம் நடத்துகிறார்கள். 2015-ல் கடன் கழுத்தை நெரித்து, மூடிவிடும் நிலைக்கே வந்து, பொதுமக்கள் கொடுத்த பணத்தில் மீண்டது. ராஜா கார்டனில் 1980 முதல் இயங்கும் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் இதைவிடப் பெரியது. அங்கும் இடத்துக்கு எப்போதும் நெருக்கடிதான்.

இப்படிப்பட்ட காப்பகங்களின் வாசலுக்குத் தெருநாய்கள் மட்டும் வருவதில்லை. கழுத்தில் பட்டையோடு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பெயரோடு, பத்துப் பன்னிரண்டு வயதான வீட்டு நாய்களும் காரில் வந்து இறங்குகின்றன. கொண்டுவருபவர்கள் சொல்லும் காரணங்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான். மாற்றல் வந்துவிட்டது, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, வீடு முழுக்க மூத்திரம் போகிறது, எங்களால் தூக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நாய் அங்கே தங்கினால் அதற்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை வாசலில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

லேப்ரடார் பன்னிரண்டு வயதைத் தொட்டால் நம் ஊர்க் கணக்கில் எண்பதைத் தாண்டிய கிழவர். கண்ணில் புரை விழுந்திருக்கும், காது மந்தம், இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடைசிவரை கைவிடாமல் நிற்பது மூக்கு ஒன்றுதான். சமையலறை எங்கே, தண்ணீர்க் கிண்ணம் எங்கே, அம்மா படுக்கும் கட்டில் எங்கே என்பதையெல்லாம் அது வாசனையால்தான் அறிந்து வைத்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் நூறு நாய்களின் வாடையும் பினாயிலும் கலந்த சிமெண்ட் தரையில் விட்டால், அதற்குத் தெரிந்த உலகம் அந்த ஒரு நிமிடத்தோடு இல்லாமல் போகிறது. காப்பகத்துக்குப் புதிதாக வரும் நாய்களின் ரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் முதல் மூன்று நாட்கள் வெகுவாக ஏறியிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். குட்டிகள் எப்படியோ பழகிக்கொள்கின்றன. கிழட்டு நாய் வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறது, சாப்பாட்டைத் தொடுவதில்லை. கும்பலில் பரவும் இருமலோ டிஸ்டெம்பரோ வந்தால் தாங்கும் சக்தியும் அதற்கு இல்லை. தத்தெடுக்க வருகிறவர்கள் குட்டியைத்தான் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விலங்குகளைக் காக்க இங்கே இருக்கும் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார். மாநிலங்களவை நியமன உறுப்பினராக டெல்லிக்கு வந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. பல்லாண்டுகள் சென்னையிலிருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் இப்போது டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத் மாவட்டத்தின் பல்லப்கரில் இருக்கிறது.

பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக இந்தத் தொகை அப்படியே இருக்கிறது. காப்பகம் ஒன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நாயை ஏற்றுக்கொண்டால் அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. அதற்குப் பிறகு நம் மனச்சாட்சிதான் நீதிமன்றம்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உத்தரவிட்டது. ஊரே கொந்தளித்தது. பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்ட, மூர்க்கமான நாய்கள் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இத்தனை நாய்களை வைத்துப் பார்க்க இடம் எங்கே, ஆள் எங்கே என்று அந்த நாட்களில் எல்லோரும் கேட்டோம். சரியான கேள்வி. அதே கேள்வியை நம் வீட்டு நாயைக் காரில் ஏற்றும்போதும் கேட்டாக வேண்டும். காப்பகத்தில் ஒரு கூண்டு என்பது, யாருமே இல்லாத ஓர் உயிருக்காக யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த காசில் நிற்பது. வீடும் வருமானமும் உள்ளவர் தம் நாயை அதில் விட்டால், ரிங் ரோட்டில் கால் முறிந்து கிடக்கும் நாய்க்கு அன்றைக்கு இடம் இருக்காது. என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். சொந்த நாய்க்குச் செய்யும் துரோகத்தைக்கூட இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவும் மாட்டேன். தனியாக வாழும் எழுபது வயதுப் பெரியவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், நாயைப் பார்க்க வேறு ஆளே இல்லை என்றால் காப்பகத்தின் கதவைத் தட்டத்தான் வேண்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு. ராத்திரியில் கேட்டில் கட்டிவிட்டு ஓடுபவரைவிட, பகலில் வந்து நாயின் வயது, நோய், மாத்திரை, கடிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்பவர் எவ்வளவோ மேல்.

டெல்லித் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆர்.கே.புரம் போன்ற இடங்களில் அரசுக் குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு, ரிட்டயர் ஆன சில மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாமான் லாரியில் ஏறிவிடும். நாய்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல். முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயோ கேபினோ முழுவதும் நமக்கே கிடைத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டிதான். மே மாத வெயிலில் கிழட்டு நாயை அந்தப் பெட்டியில் அனுப்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கூபேக்குச் செலவு அதிகம்தான். ஆனாலும் லாரி வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டிய செலவு அது. வெயில் தணிந்து அக்டோபரில் புறப்படுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

பயணத்தைத் தாங்காது என்று டாக்டர் சொன்னால், அதற்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவரைத் தேடலாம். பக்கத்து வீட்டுக்காரர், நடைக்கு அழைத்துப்போன பையன், வீட்டு வேலைக்கு வந்த அம்மா. மாதாமாதம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பிவைப்பது நம் கடன். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீளவே முடியாத வலியில் இருக்கும் நாய்க்கு மருத்துவர் ஊசி போட்டு அனுப்பிவைப்பதை நான் பாவம் என்று நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அதன் தலை நம் மடியில் இருக்க வேண்டும். பார்க்கச் சகிக்கவில்லை என்று அதைக் காப்பகத்தில் விட்டுவந்தால், நமக்குச் சகிக்காத அதே சாவை ஊழியர் ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். நாய்க்கு அவர் யாரென்றே தெரியாது.

பணியில் ஓய்வு பெற்ற ராணுவ நாய்களைக் கொன்றுவிடும் வழக்கம் 2015-ல் வெளியே தெரிந்தபோது நாடு அதை ஏற்கவில்லை. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு மீரட்டில் முதிய நாய்களைப் பராமரிக்கவும் தத்துக் கொடுக்கவும் ராணுவம் வழிசெய்தது. உழைத்த நாய்க்கு அரசிடம் நாம் கேட்டு வாங்கிய நியாயம் இது. வீட்டு வாசலில் நமக்காகப் பத்து வருடம் காத்திருந்ததும் உழைப்புதான்.

எல்லா வழியும் அடைந்து, காப்பகத்தைத் தவிர வேறு கதியில்லை என்று ஆனவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். மருத்துவச் சீட்டுகளையும், அது உயிரோடு இருக்கும்வரை மாதம் ஒரு தொகையையும் கொடுங்கள். ஊரில் இருந்தால் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது படுத்திருந்த பழைய போர்வையைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புங்கள்.