கார்ட்லெஸ் ரம்பம் வாங்கப் போறீங்களா? முதல்ல பேட்டரி விலையைக் கேளுங்க

ஒரு வார்ட்ரோப், ஒரு டிவி யூனிட், ஒரு ஷூ ரேக். இதுக்குக் கொட்டேஷன் வாங்கிப் பார்த்துட்டு, "இதை நாமளே செஞ்சா என்ன?"ன்னு யோசிக்கிற ஆளா நீங்க? அப்போ வயரே இல்லாத சர்குலர் சா வச்சு ஒருத்தர் ப்ளைவுட்டை சர்ருனு அறுக்கிற வீடியோவும் உங்க கண்ணுல பட்டிருக்கும். கார்ட்ல போட்டும் வச்சிருப்பீங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர், பேனா எடுங்க.

அடுத்த ரெண்டு வருஷத்துல எத்தனை ஷீட் அறுக்கப் போறீங்க? ஷூ ரேக்குக்கு ஒரு 8x4 ஷீட் தாராளம். பல ப்ளைவுட் கடைகள்ல அளவு எழுதிக் குடுத்தா, கொஞ்சம் சார்ஜ் வாங்கிக்கிட்டு அவங்களே பெரிய மெஷின்ல அறுத்துத் தருவாங்க. நீங்க கையால அறுக்கிறதைவிட நேராவும் வரும். ஒண்ணு ரெண்டு ஷீட் வேலைதான்னா ரம்பம் வேண்டாம், காசு மிச்சம்.

இல்ல, வேலை நிறைய இருக்குன்னு சொல்றீங்களா? அப்போ ஆன்லைன்ல காட்டுற விலையை நல்லா பாருங்க. பல இடத்துல அது 'பேர் டூல்' விலை. அதாவது வெறும் மெஷின். பேட்டரியும் கிடையாது, சார்ஜரும் கிடையாது. பேச்சுக்கு ஒரு கணக்கு: மெஷின் 9,000 ரூபாய், ரெண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து 11,000. மொத்தம் 20,000. ரெண்டு வருஷத்துல 40 கட் போட்டா ஒரு கட்டுக்கு 500 ரூபாய். உங்க ஊர் விலையைப் போட்டு இதே மாதிரி வகுத்துப் பாருங்க. இன்னொண்ணு, அலமாரியில பூட்டி வச்சாலும் லித்தியம் பேட்டரிக்கு வயசாகும். சூட்டுல வச்சா இன்னும் வேகமா.

உங்ககிட்ட ஏற்கெனவே 18 வோல்ட் ட்ரில் இருந்தா கதையே வேற. அதே கம்பெனி, அதே பேட்டரி வரிசைன்னா வெறும் மெஷின் மட்டும் வாங்கினாப் போதும், செலவு பாதியாயிடும். மக்கிட்டா பேட்டரி பாஷ் மெஷின்ல ஏறாது. ஒரே கம்பெனியிலயே 12 வோல்ட் பேட்டரி 18 வோல்ட் மெஷின்ல ஏறாது. '20 வோல்ட் மேக்ஸ்'னு போட்டிருந்தா அதிக பவர்னு நினைக்காதீங்க. முழு சார்ஜ்ல உச்சமா 20, வேலை செய்யறப்போ 18 தான். பார்க்க வேண்டியது ஆம்பியர் ஹவர். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர்னா 36 வாட் ஹவர். ட்ரில்லுக்கு அது சரி, ரம்பம் சீக்கிரம் குடிச்சுடும். 4 ஆம்பியர் ஹவர், அதாவது 72 வாட் ஹவராவது எடுங்க.

அமெரிக்காவுல இருக்கிற அண்ணன்கிட்ட சொல்லி வாங்கி வரச் சொல்லலாமான்னு தோணும். அங்க விக்கிற சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான். நம்ம 230 வோல்ட்ல சொருகினா புகைதான். வாரண்டியும் பொதுவா இங்க செல்லாது.

சைஸ் பத்தி ரொம்பக் குழம்பாதீங்க. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்கு 165 மில்லிமீட்டர் ப்ளேடு தாராளம். கூட வர்ற ப்ளேடு பல் கம்மியா இருந்தா, 40 பல் ப்ளேடு ஒண்ணு தனியா வாங்குங்க. லேமினேட் ஓரம் பிய்யாது. பட்ஜெட்ல பிரஷ்லெஸ் மோட்டார் கிடைச்சா அதையே எடுங்க, அதே சார்ஜ்ல கூடுதல் நேரம் ஓடும். வீட்டுக்குள்ள, சாக்கெட் பக்கத்துலதான் வேலைன்னா வயர் வச்ச ரம்பமே போதும். விலையும் நல்லாவே கம்மி, பேட்டரி தலைவலியும் இல்ல.

இந்தக் கணக்கெல்லாம் பார்த்துட்டு, "அப்போ மார்பிள் கட்டர்ல மர ப்ளேடு மாட்டிக்கிறேன், ஆசாரிங்க அப்படித்தானே பண்றாங்க?"ன்னு கேட்டா, தயவுசெஞ்சு வேண்டாம். அது கல்லு அறுக்கச் செஞ்சது. நிமிஷத்துக்கு 12,000 சுத்து வாக்குல சுத்தும், மர ரம்பம் அதுல பாதிகூட சுத்தாது. ரம்பத்துல கட் முடிஞ்சதும் ஸ்பிரிங் கார்டு தானா வந்து ப்ளேடை மூடும். கட்டர்ல அது இல்ல. ப்ளேடு மரத்துல சிக்கினா மெஷின் உங்க பக்கமாத் துள்ளும். அந்த ஆசாரிக்கு இருபது வருஷக் கை இருக்கு. உங்களுக்குத் திங்கட்கிழமை கீபோர்டுல வைக்கப் பத்து விரலும் வேணும். மிச்சம் பிடிக்கிறதை வேற எங்கயாவது பிடிங்க. நல்ல ரம்பத்துலயும் ப்ளேடு ஷீட்டுக்குக் கீழ 5, 6 மில்லிமீட்டர் நீட்டினா போதும். மெஷினுக்கு நேர் பின்னால நிக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணாடி போடுங்க. ப்ளேடு மாத்தறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டுங்க.

நோ காஸ்ட் ஈஎம்ஐல வாங்கறதா இருந்தா, கிரெடிட் கார்டுல பிராசசிங் ஃபீ எவ்வளவுன்னு பாருங்க. வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மெண்ட்ல வரும். கடையில வாங்கினா பில்லுல சீரியல் நம்பர் எழுதித் தரச் சொல்லுங்க, பேட்டரிக்குத் தனியா எத்தனை மாச வாரண்டின்னும் அங்கயே கேட்டுடுங்க.